நாலு கால் பாய்ச்சலக் கீறிப் பாக்கிறன்

வன்னியில குதிரை ஓடுறத நேர பாக்கிறது கஷ்டம், நெடுந்தீவுக்குப் போனாத்தான் கட்டைக் குதிரையள், அதுகளும் அநேகமா மேய்ஞ்சுகொண்டு நிக்கும். அதால போனில பந்தய வீடியோவ ஸ்லோவா ஓடவிட்டு, நிப்பாட்டி நிப்பாட்டிப் பென்சிலால கீறுறன்.

முதல்ல கால் ஒழுங்கு. பாய்ச்சலில ஒரு பின்கால், மற்றப் பின்கால், பிறகு முன்கால் ஒண்டு, கடைசியா மற்றது, அதுக்குப் பிறகுதான் நாலும் நிலத்த விட்டுக் கிளம்புது, அந்த நேரம் கால் எல்லாம் வயித்துக்குக் கீழ மடிஞ்சு கிடக்கும். 1878இல மைபிரிட்ஜ் எண்ட படப்பிடிப்பாளர் கலிபோர்னியாவில வரிசையா கமரா வச்சு எடுத்த படங்களாலதான் இது தெளிவாத் தெரிஞ்சது. அதுக்கு முந்தி, 1821இல பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ கீறின, இங்கிலாந்தின்ர எப்சம் குதிரைப் பந்தயப் படத்தில குதிரையள் நாலு காலையும் முன்னுக்கும் பின்னுக்கும் விரிச்சு அந்தரத்தில போகுது. உண்மைக் குதிரை அப்பிடிப் பாயாது, எண்டாலும் அந்தப் படத்தில என்ன வேகம்! அதப் பாத்துத் திருப்பிக் கீறேக்கதான் விளங்கிச்சு, கழுத்தில தொடங்கி வால் மட்டும் இழுபடுற அந்த நீட்டுக் கோடுதான் குதிரையக் கொண்டு போகுது, வயிறு நிலத்தோட பதியப் பாக்குது, பின்னால இருண்ட மழை வானம் வேற. இப்ப நான் அந்தக் கோட்டத்தான் முதல் இழுக்கிறன், கால மைபிரிட்ஜின்ர படத்தப் பாத்து மடிக்கிறன், ரெண்டும் நல்லாச் சேருது.

ஆள் இருக்கிறதுதான் எனக்குப் பெரிய வேலை. ஜொக்கி, அதான் பந்தயக் குதிரை ஓடுறவர், சேணத்தில குந்திறேல்ல, அங்கவடியில, கால் வைக்கிற வளையத்தில, பாரத்தப் போட்டு முழங்கால மடிச்சு, முதுகு குதிரையின்ர முதுகுக்குச் சமாந்தரமா நிக்கும். கீழ குதிரை எவ்வளவு குலுங்கினாலும் அவரின்ர தலை பெரிசா ஆடாது. கிளிநொச்சிப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரிக்குப் போனா, வண்டியில முன்னுக்கு வளைஞ்சு நிக்கிறவரின்ர தோளையும் முழங்காலையும்தான் ஸ்கெட்ச் பண்ணுறன், உடம்பு வேகத்துக்கு எப்பிடிக் குடுக்குது எண்டு அங்க கண்ணால பாக்கலாம்.

பெயின்ட் அக்ரிலிக். ஜொக்கியின்ர தொப்பி, குதிரையின்ர மூக்கு ரெண்டுக்கும் ஓரம் கூரா, பின்கால் குளம்புப் பக்கம் ஈரப் பிரஸ்ஸால பின்னுக்கு இழுத்துக் கரைச்சு விடுறன், புழுதிக்கு எங்கட கிரவல் ரோட்டுக் கலர், பர்ன்ட் சியென்னா எண்ட செம்பழுப்புப் பெயின்டில வெள்ளை கொஞ்சம்.

அடுத்தது மூண்டு குதிரை ஒண்டை ஒண்டு மறைச்சு ஓடுற மாதிரி, அதுக்கு ஏ3 தாள் போதாது.