சுவருக்குள் ஏழு கம்பிகள்

டாலஸ் நகருக்கு வடக்கே, 2004இல் கட்டப்பட்ட ஒரு வீட்டை நாங்கள் வாங்கியபோது, சாவிக்கொத்தோடு கராஜ் கதவின் ரிமோட் இரண்டும், பாதி காலியான பெயின்ட் டப்பாக்கள் சிலவும், என்னவென்றே புரியாத ஆறு குமிழ்களும் எங்களுக்கு வந்து சேர்ந்தன. விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில், ஆறு இடங்களில், ஒவ்வொன்றாகப் பதிக்கப்பட்டிருந்த அந்தக் குமிழைத் திருப்பினால் எதுவும் நடக்காது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதை மின்விசிறி ரெகுலேட்டர் என்றே எண்ணி, ஒரு வாரம் வரை அதைத் திருகிவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே விசிறிக்குப் பதிலாக, கூரையின் வெள்ளை நிறத்தோடு கலந்து, சல்லடை மூடிய வட்டங்கள் இரண்டு இருந்தன. அவை ஸ்பீக்கர்கள்; குமிழ்கள் அவற்றின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும்.

படுக்கையறையின் துணி அலமாரிக்குள், கோட்டுகளுக்குப் பின்னால், ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி சுவரில் பதிந்திருந்தது. அதிலிருந்து வெள்ளை உறை போர்த்திய ஏழு கம்பிகள் தொங்கின. கீழே தட்டில், முன்னாள் உரிமையாளர் விட்டுச்சென்ற ஒரு பழைய ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி, கிடந்தது. ஆறு கம்பிகளின் முனைகளும் ஒரே முறுக்காக முறுக்கப்பட்டு, அதன் ஒரு ஜோடி இணைப்புகளில் செருகப்பட்டிருந்தன. வரைபடமும் இல்லை, குறிப்பும் இல்லை. கம்பி உறைகளின் மேல் கறுப்பு மார்க்கரில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் பாதி அழிந்து தெரிந்தன. 'பி.ஏ.டி.' என்று ஒன்றில் இருந்தது. எதற்கு அடியிலோ வைக்கும் 'பேட்' என்று இரண்டு நாள் குழம்பிய பிறகுதான், அது பின்கட்டுத் திண்ணையைக் குறிக்கும் 'பேட்டியோ' என்று உறைத்தது. 'ஜி.ஆர்.' என்பது விருந்தினர் அறையா, விளையாட்டு அறையா என்பது இன்னொரு வழக்கு.

ரிசீவரை உயிர்ப்பித்து ஒரு நாகஸ்வரக் கச்சேரியை ஓடவிட்டபோது, திண்ணையில் அது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்கு முழங்கியது. சமையலறையிலோ யாரோ அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் கேட்டது. சமையலறைக்காக ஒலியைக் கூட்டினேன். இருபது நிமிடத்தில் ரிசீவர் 'டக்' என்று அணைந்தது. மூடியைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்.

நண்பர்கள் சொன்ன யோசனை, இதையெல்லாம் மறந்துவிட்டு அறைக்கு ஒரு வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கி வை என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்படிப்பட்ட அமைப்பில் பழையதாவது பெட்டிதானே ஒழிய, சுவருக்குள் ஓடும் செம்பு அல்ல. அந்தச் செம்பை இன்று புதிதாக இழுப்பதென்றால் டெக்சாஸ் கோடையில் பரணுக்குள் ஊர்ந்து போக ஒருவரைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும். எங்கள் கம்பியின் தடிமன் 16 கேஜ். அதன் மின்தடை ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 4 ஓம். ஐம்பது அடி தள்ளியிருக்கும் அறைக்குப் போய்த் திரும்பினால் 0.4 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே முதலில் எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு உறைக்குள்ளும் நான்கு இழைகள்: சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கத்துக்கு, வெள்ளையும் பச்சையும் மறு பக்கத்துக்கு என்பது பொதுவான வழக்கம், சிவப்பும் வெள்ளையும் பாசிட்டிவ். முறுக்கைப் பிரித்து, ரிசீவரை முற்றிலும் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சாதாரணப் பென்சில் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு ஜோடி இழையை ஒரு கணம் தொட்டால், அந்த அறையின் ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை எழும். என் மகள் அறை அறையாக ஓடி, "அப்பா, இங்கதான், லெஃப்ட்!" என்று கத்துவாள், நான் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுவேன். அரை மணி நேரத்தில் ஆறு கம்பிகளும் பெயர் பெற்றன. விளையாட்டு அறை வென்றது.

மல்டிமீட்டர் வைத்து அளந்தபோதுதான் வயிறு கலங்கியது. நல்ல நிலையில் இருக்கும் எட்டு ஓம் ஸ்பீக்கர், மீட்டரின் ஓம் அளவீட்டில் ஆறு, ஏழு ஓம் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்ததோ ஒரு ஓமுக்கும் குறைவு. எல்லாக் கம்பியும் எங்கேயோ ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அறையில் குமிழை இடக்கோடி வரை திருப்பினால் மீட்டரில் தொடர்பே அறுந்துவிட்டது. ஷார்ட் என்றால் குமிழுக்கு அது கட்டுப்பட்டிருக்காது. சுவரிலிருந்து குமிழின் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, இரும்புத் தகடுகளின் மேல் செம்புக் கம்பி சுற்றிய இரண்டு சிறிய சுருள்கள் இருந்தன. ரேடியோவில் இருப்பதுபோன்ற வெறும் ரெசிஸ்டர் அல்ல அது. ஆட்டோஃபார்மர் என்னும் ஒருவகை டிரான்ஸ்ஃபார்மர். மீட்டர் அளந்தது ஸ்பீக்கரை அல்ல, அந்தச் சுருளை.

அதன் ஓரத்தில் 1, 2, 4, 8 என்று எண்களும், அவற்றில் ஒன்றின் மேல் செருகிய ஒரு சின்ன ஜம்பரும் (கழற்றி மாற்றக்கூடிய இணைப்புத் துண்டு) இருந்தன. ஐந்து அறைகளில் அது 4இல் இருந்தது. திண்ணையில் மட்டும் 1.

இந்த இடத்தில் என் சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் நாகப்பட்டினம் பக்கத்தில் பல ஆண்டுகள் மைக் செட் வைத்திருந்தவர். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். வாட்ஸ்அப் காணொளியில் ஜம்பரைக் காட்டியவுடன் சிரித்தார். "இது நம்ம லைன் மேட்சிங் மாதிரிதான் தம்பி. நம்ம ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால 4, 8, 16 ஓம், 100 வோல்ட்டுன்னு திருகு இருக்கும்ல? அங்க ஆம்ப்ல பண்ணுறத இவன் செவுத்துல பண்ணியிருக்கான். ஓம்ஸ் கணக்கைப் போடு, பாட்டை அப்புறம் போடலாம்."

போட்டேன். ஸ்பீக்கரின் ஓமை ஜம்பரின் எண்ணால் பெருக்க வேண்டும்: ஜம்பர் 4இல் இருந்தால், எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் கண்ணுக்கு 32 ஓமாகத் தெரியும். அப்படி ஐந்து பேரலலாக, அதாவது ஒரே இணைப்பில் பக்கம் பக்கமாக, நின்றால் 32ஐ ஐந்தால் வகுத்து 6.4 ஓம், அதுவரை ரிசீவருக்கு ஆபத்தில்லை. அதோடு ஜம்பர் 1இல் உள்ள திண்ணையின் எட்டு ஓமும் நேரடியாகச் சேர்ந்தால் மொத்தம் சுமார் 3.6 ஓமாகச் சரிந்துவிடும். ரிசீவரின் முதுகில் 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. அது ஏன் அணைந்தது என்பதற்கு இது போதும். திண்ணை ஏன் முழங்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது: ஜம்பர் 4இல் உள்ள ஸ்பீக்கருக்கு மின்னழுத்தம் பாதி, ஆகவே திறன் கால் பங்குதான் போகும், திண்ணைக்கு முழுப் பங்கும் போயிற்று. மற்ற அறைகளில் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டக் கூட்ட, திண்ணைதான் ரிசீவரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

திண்ணைக் குமிழ் மட்டும் வேறு நிறுவனத்துடையது. பின்னாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஜம்பரைக் கவனிக்கவில்லை. அதையும் 4க்கு நகர்த்தியதும் மொத்தம் 32ஐ ஆறால் வகுத்து 5.3 ஓம் ஆயிற்று. பத்துப் பைசா செலவில்லை. அதே நாகஸ்வரம் ஆறு இடங்களிலும் ஒரே சீராகக் கேட்டது. இரண்டு மணி நேரம் ஓடிய பின்னும் ரிசீவரின் மூடி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சேனலுக்கு, அதாவது இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும், 80 வாட் தரும் ரிசீவரிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் வரை போகும், வீட்டுக்கு அது தாராளம்.

திண்ணைக் குமிழை மாற்றிய அதே புண்ணியவான், கறுப்பையும் பச்சையையும் ஒன்றாக முறுக்கி ஒரே முனையில் கொடுத்திருந்தார். இரு பக்க நெகட்டிவும் உள்ளுக்குள் ஒன்றாகவே இருக்கும் பழைய ரிசீவர்கள் பலவற்றில் இது கேடு செய்யாது. ஆனால் இன்றைய சிறிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் நெகட்டிவ் முனையிலும் சிக்னல் ஓடும். அங்கே இரண்டையும் கட்டினால் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடலாம். பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைக்கப்போகிறவர்கள் எல்லாக் குமிழ்களையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. நான் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டேன்.

குளியலறையில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது. நான்கு இழைகளும் அதற்கே போயின. தவறென்று எண்ணி இரண்டை அவிழ்க்கப் போனேன், நல்லவேளையாகச் செய்யவில்லை. ஒரே கூம்பில் இரண்டு சுருள்கள் வைத்து இடதையும் வலதையும் ஒன்றிலேயே ஒலிக்கச் செய்யும் வகை அது. சமையலறையில் ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது. சல்லடையை இழுத்தபோது, கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் வறுத்த அப்பளம்போல் விரல் பட்டதும் நொறுங்கி அடுப்பின் மேல் கொட்டியது. இருபது ஆண்டு ஆன நுரைக்கு இதுதான் கதி. 6.5 அங்குலம் என்று புதிய ஜோடி ஒன்று வாங்கிவந்தால், கூரையின் துளைக்குள் அது விழுந்துவிடும்போல் இருந்தது. அந்த எண் கூம்பின் அளவு. துளையின் அளவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று. திருப்பிக் கொடுத்துவிட்டு, துளையை அளந்து வேறு வாங்கினேன்.

இப்போது ரிசீவரின் பின்னால் ஒரு சிறிய ஸ்ட்ரீமிங் கருவி செருகியிருக்கிறது. கைபேசியிலிருந்து பாட்டு வருகிறது. ஆறு இடத்திலும் ஒரே பாட்டுதான் வரும் என்பது என் மகளின் குறை. ஒவ்வோர் அறைக்கும் தனிப் பாட்டு வேண்டுமென்றால் பன்னிரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஜம்பர்களையெல்லாம் 1க்கு மாற்ற வேண்டும். கம்பிகள் அதற்கும் தயாராகத்தான் இருக்கின்றன.

ஏழாவது கம்பி மிச்சமிருக்கிறது. பேட்டரியைத் தொட்டால் எங்கும் 'டிக்' எழவில்லை, மீட்டர் எதையும் காட்டவில்லை. கம்பியில் ஓசையை ஏற்றி எதிர்முனையைத் தேடும் டோனர் ஒன்றை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிச் சுவரெங்கும் தடவிப் பார்த்தேன். சாப்பாட்டு அறையில், பூஜை அலமாரிக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் அது தெளிவாகப் பாடுகிறது. அலமாரியை நகர்த்தலாம், சுவரை அறுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.