நீ சிலிண்டரைப் பிடி

"அண்ணே, இந்த டப்பா வெளிய போற பக்கம் சில்லுனு இருக்கு."

என்னிடம் வேலை பழகும் பையன் சொன்னது இவ்வளவுதான். நான் சொன்னது அதைவிடச் சின்னது. "ஏல, நீ சிலிண்டரைப் பிடி."

நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலையில் தப்பே செய்யாத மெக்கானிக் யாரும் இல்லை, எனக்கும் நிறைய நடந்திருக்கிறது, அதையெல்லாம் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். இதை மட்டும் இன்னும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வள்ளியூர் பக்கம் மீன் வியாபாரம் பார்க்கும் ஒரு அண்ணாச்சியின் வாக்-இன் ஃப்ரீசர், ஆள் உள்ளே நுழையும் ரூம். மே மாதம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால், முன்னாலேயே வாங்கி அடைத்துவைத்த சீலாவும் பாறையும்தான் அவருக்கு ஓட்டல் சப்ளை. மைனஸ் 18-ல் நிற்க வேண்டிய ரூம் மைனஸ் 9-ஐத் தாண்டி இறங்கவில்லை என்று போன் வந்தது. "கேஸ் குறைஞ்சிருக்கும் அண்ணாச்சி, வந்து பாக்குதேன்" என்று திருநெல்வேலியில் இருந்தபடியே சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. வாயால் சொன்ன பிறகு கேஜ் எதைக் காட்டினாலும் அது நான் சொன்னதாகத்தானே தெரியும்.

கேஜும் அப்படித்தான் காட்டியது. 404ஏ கேஸ், அந்தக் குளிருக்கு சக்சன், அதாவது கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கத்து அழுத்தம், 15 பிஎஸ்ஐ பக்கத்தில் இருக்க வேண்டும், இருந்தது 4. அது தள்ளும் பக்கம், டிஸ்சார்ஜ், 230, அந்தச் சாயங்கால வெக்கைக்குக் கொஞ்சம் கம்மி. குழாயில் ஓடும் திரவத்தைப் பார்க்க வைத்த சைட் கிளாஸில் சோடா மாதிரி குமிழி. உள்ளே காயிலில் முதல் நாலைந்து வரிசையில் மட்டும் பனி, மிச்சம் வெறும் அலுமினியமாகக் கிடந்தது. போதாக்குறைக்கு பிரஷர் சுவிட்ச் போகும் டியூபின் ஃபிளேர் நட்டில் எண்ணெய்க் கறை, சோப்புத் தண்ணீர் வைத்தால் ஊசிமுனை அளவுக்குக் குமிழி கிளம்புகிறது. லீக் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது யார்தான் வேறு யோசிப்பார்கள்? இதை நான் இன்றைக்கும் எனக்காக வாதாடும்போது முதலில் எடுத்துப் போடுவேன்.

ஆனால் லீக்கைத் தவிர இந்த அறிகுறி எல்லாமே ஃபில்டர் டிரையர், அதாவது பையன் தொட்ட அந்தக் குப்பை பிடிக்கும் டப்பா, அடைத்தாலும் வரும். அடைப்பைத் தாண்டும் இடத்தில் திரவத்தின் அழுத்தம் விழுந்து, கொஞ்சம் அங்கேயே கொதித்து ஆவியாகிவிடும், சைட் கிளாஸ் அதற்கு அடுத்து இருந்தால் அதே குமிழிதான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கை. டிரையருக்கு உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் கிட்டத்தட்ட ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். வெளியே வரும் பக்கம் குளிர்ந்தால் அடைப்பு. வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அவன் சும்மா தொட்டுப் பார்க்கவில்லை, படித்த பாடத்தை ஒப்பித்தான்.

404ஏ கலப்புக் கேஸ், ஆவியாக விட்டால் கலவை மாறிப்போகும் என்பதால் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திரவமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அதனால் பிடிக்க ஆள் தேவைதான். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று கொஞ்ச நாள் நம்பினேன்.

மணி ஏழரை. அண்ணாச்சி பக்கத்திலேயே நின்று "தம்பி, கேஸ்தானா? ராத்திரிக்குள்ள இறங்கிருமா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். டிரையர் மாற்றுவதென்றால் பம்ப் டவுன், வெல்டு, நைட்ரஜன், வேக்குவம் என்று நடுச்சாமம் ஆகும், டிரையரும் கையில் இல்லை, நாற்பது கிலோமீட்டர் போய்த்தான் எடுத்து வர வேண்டும். சிலிண்டர் வண்டியிலேயே இருந்தது.

நட்டை இறுக்கினேன். கேஸ் விட்டேன். சக்சன் 11-க்கு ஏறியது, குமிழி குறைந்தது, டிஸ்சார்ஜ் 310. ஒன்பதரைக்கு ரூம் மைனஸ் 13. அண்ணாச்சி கலர் வாங்கிக் கொடுத்தார்.

அடைப்பைத் தாண்ட முடியாமல் சேரும் திரவத்துக்குப் போக்கிடம் ஏது? திரவம் தங்கும் தொட்டியான ரிசீவர் நிரம்பும், அப்புறம் கேஸைத் திரவமாக்கும் கண்டென்சருக்குள் தேங்கும், அழுத்தம் ஏறும். சாயங்காலம் தாங்கியது, மூன்றாம் நாள் மத்தியான வெயிலில் தாங்கவில்லை. அழுத்தம் எகிறினால் மெசினை நிறுத்தும் ஹை பிரஷர் கட்அவுட் விழுந்திருக்கிறது, கடைப்பையன் ரீசெட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். நான் போய்ச் சேரும்போது மேல் அடுக்குப் பெட்டிகளில் மீன் கண் கலங்கித் தண்ணீர் விட ஆரம்பித்திருந்தது. இரண்டு பெட்டி குப்பைக்குப் போனது. அண்ணாச்சி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மெசினுதான தம்பி, என்ன செய்ய" என்றார்.

டிரையரை வெட்டி வெள்ளைத் துணியில் தட்டினேன். கறுப்பாக, அடுப்புக்கரி மாதிரி பொடியும் செதிலும் கொட்டியது. நைட்ரஜன் ஓடவிடாமல் செம்புக்குழாயை வெல்டு வைத்தால் உள்பக்கம் கருகி உதிர்வது அது. அந்த மெசினுக்கு முந்தின வருஷம் கம்ப்ரசர் மாற்றினது யார்? நான். அன்றைக்கு நைட்ரஜன் பாதியில் தீர்ந்தது. கடைசி இரண்டு ஜாயிண்டைச் சும்மாவே வைத்தேன், இரண்டுதானே என்று.

அப்படியென்றால் பையன் டிரையரைத் தொட்டதும் எனக்கு அந்த இரண்டு ஜாயிண்ட் ஞாபகம் வந்ததா? அதனால்தான் சட்டென்று அதட்டினேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு மனதில் இருந்தது மணியும் சிலிண்டரும்தான். ஆனால் ராத்திரி படுத்து அந்த ஒரு நொடியை ஓட்டிப் பார்க்கும்போது, அவன் பக்கம் நான் திரும்பவே இல்லை என்பது தெரிகிறது. வழக்கமாகத் திரும்பிப் பார்த்துத்தான் திட்டுவேன்.

அண்ணாச்சியிடம் "டிரையர் அடைச்சிருச்சு, பழசாயிருச்சு" என்றேன். அது பொய் இல்லை, அடைத்திருந்தது உண்மை. புது டிரையருக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் முதல் நாள் விட்ட கேஸுக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. லீக் இருந்தது, கேஸ் கொஞ்சமாவது குறைந்துதான் இருக்கும் இல்லையா. கறுப்புப் பொடி கிடந்த துணியை மட்டும் அவர் வருவதற்குள் மடித்து டூல் பாக்ஸில் போட்டேன். பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு ஐஸ்கிரீம் குடோன், சக்சன் இறங்கிக் கிடந்தது. கேஜ் மாட்டுவதற்கு முன்னாலேயே, "டிரையரைத் தொட்டுப் பாத்தியால?" என்று கேட்டேன்.

"நீங்களே பாத்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு சிலிண்டரை இறக்க வண்டிப் பக்கம் போனான்.