ஜிங்க் மாத்திரை விழுங்குபவர்களே, செம்பு என்ன ஆகிறது?

எதிர்ப்பு சக்தி என்று பேச்செடுத்தால் போதும், வைட்டமின் சி, வைட்டமின் டி, ஜிங்க் என்று ஒப்பிக்கிறவர்கள் செம்பைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. இத்தனைக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 900 மைக்ரோகிராம்தான், ஒரு மில்லிகிராம் கூட இல்லை.

அந்தத் துளி குறைந்தால் முதலில் அடி வாங்குவது ரத்தம். கிருமி நுழைந்ததும் முந்திக்கொண்டு ஓடும் நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரிகிறது, கூடவே ரத்தசோகையும் வரலாம், அது வெறும் இரும்பு மாத்திரைக்கு அசையாது. கால் மரத்துப்போய் நடை தள்ளாடுவதும் உண்டு. பார்க்க அச்சு அசலாக பி12 குறைபாடு மாதிரியே இருப்பதால் செம்பை யாரும் சந்தேகிப்பதில்லை. செம்பு கொடுத்தால் ரத்த அணுக்கள் பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் நரம்புக்கு வந்த சேதம் பல பேருக்கு முழுசாகச் சரியாவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் மேக்ரோஃபேஜ் என்கிற இன்னொரு எதிர்ப்பு அணு செம்பை வைத்துச் செய்யும் வேலை. இந்த அணு பாக்டீரியாவை விழுங்கி உள்ளே ஒரு பைக்குள் அடைத்து வைக்கும், அப்புறம் ஏடிபி7ஏ என்ற புரதத்தைப் பம்பு போலப் பயன்படுத்தி அந்தப் பைக்குள் செம்பை ஏற்றும். அளவு மிஞ்சிய செம்பு பாக்டீரியாவுக்கு விஷம். பாக்டீரியாவும் லேசுப்பட்டதில்லை, உள்ளே வரும் செம்பை வெளியே தள்ள அதுவும் சொந்தமாகப் பம்பு வைத்திருக்கிறது!

சரி, ஜிங்க் எங்கே வருகிறது? ஜிங்க் அதிகமாகப் போனால் குடல் சுவரின் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறைய உண்டாக்கும். அதுவோ ஜிங்கை விடச் செம்பைத்தான் இறுக்கிப் பிடிக்கும். அந்தச் செல்கள் சில நாளில் உதிர்ந்து மலத்தோடு போகும்போது செம்பும் போய்விடும். உடம்பில் செம்பு சேர்ந்துவிடும் வில்சன் நோய்க்கு ஜிங்கையே மருந்தாகக் கொடுப்பது இந்தக் காரணத்தால்தான். பல்செட்டை ஒட்டவைக்கும் க்ரீமில் இருந்த ஜிங்கால் கூடச் செம்பு இறங்கி நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு ஜிங்கின் உச்ச வரம்பு நாளுக்கு 40 மில்லிகிராம். கடையில் 50 மில்லிகிராம் மாத்திரை சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது, அதை மாதக்கணக்கில் போடுவதுதான் வம்பு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது டாக்டர் பத்துப் பதினாலு நாள் தரும் ஜிங்க் வேறு கதை, அதை நிறுத்திவிடாதீர்கள்.

அதற்காகச் செம்பு மாத்திரை தேடி ஓடவும் வேண்டாம். ஒரு கைப்பிடி முந்திரியிலேயே அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, எள், பருப்பு, காளான், டார்க் சாக்லேட் எல்லாவற்றிலும் உண்டு, மாட்டு ஈரலில் ஒரே வேளையில் பல நாள் அளவு. குடல் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் சாப்பாடு போதாமல் போகலாம்.

சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் செம்பையும் ஜிங்கையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் காய்ச்சலோடு போய்க் கொடுக்காதீர்கள். தொற்று இருக்கும்போது செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் தானாகவே ஏறும், அதனால் உண்மையில் குறைவாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்துவிடும்.