நம்ம காசு லண்டன்ல மாட்டிக்கிட்ட கதை

ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் உலகம் எப்படி மாறுச்சுன்னு பேச்சு வந்தா எல்லாரும் ஐநா, பனிப்போர்னு போயிடுறாங்க, ஆனா என்னைக் கேட்டா பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் நடுவுல இருந்த கடன் கணக்கு தலைகீழா மாறுனதைத்தான் மொதல்ல சொல்லணும். 1939ல நாம அவங்களுக்குக் கடன்பட்டிருந்தோம். போர் முடிஞ்சப்போ அவங்க நமக்குக் கிட்டத்தட்ட 130 கோடி பவுண்டு தரணும்.

எப்படின்னா, போருக்காக இங்கருந்து சரக்கு வாங்கினாங்க, வெளிநாட்டுல சண்டை போட்ட நம்ம பட்டாளத்தோட செலவுலயும் பெரும்பங்கை ஏத்துக்கிட்டாங்க, ஆனா ரொக்கமா எதுவும் வரல, லண்டன்ல ரிசர்வ் பேங்க் கணக்குல பவுண்டா வரவு வெச்சாங்க, அதைக் காட்டி இங்க ரூபா நோட்டு அடிச்சாங்க. நோட்டு பெருகுச்சு, கடையில சரக்கு இல்ல, விலை எகிறிப்போச்சு. 1943 வங்காளப் பஞ்சத்துக்கு இந்த விலைவாசியும் ஒரு முக்கியக் காரணம், சுமார் 30 லட்சம் பேர் செத்தாங்க. அதனால அந்த 130 கோடியை வெறும் பேங்க் பேலன்ஸா என்னால பாக்கவே முடியல, அது பட்டினி கிடந்தவங்க வயித்துல அடிச்சு சேர்ந்த காசு.

1944 ஜூலைல அமெரிக்காவுல பிரெட்டன் உட்ஸ்ல 44 நாடுங்க கூடி ஐஎம்எஃப் (நாடுகளுக்கு வெளிநாட்டுப் பணம் தட்டுப்பாடு வந்தா உதவுற சர்வதேச நிதி அமைப்பு), உலக வங்கி ரெண்டுக்கும் திட்டம் போட்டாங்க. இந்தியக் குழுவுக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரர் தான், ரெய்ஸ்மன், ஆனா உள்ள நம்ம கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் (பின்னாடி சுதந்திர இந்தியாவோட மொதல் நிதியமைச்சர்), ரிசர்வ் பேங்க் கவர்னர் தேஷ்முக், பம்பாய் தொழிலதிபர் ஷ்ராஃப் எல்லாம் இருந்தாங்க. லண்டன்ல முடங்கிக் கிடந்த இந்த பவுண்டுல ஒரு பகுதியையாவது டாலரா மாத்த ஐஎம்எஃப் வழி பண்ணணும்னு கேட்டாங்க. பேங்க்ல பத்து லட்சம் டாலர் இருக்கு, டாக்ஸிக்குக் குடுக்கக் கையில காசில்லைன்னா எப்படின்னு ஷ்ராஃப் அந்த சபையிலயே கேட்டார். அடிமை நாட்டுலருந்து போய் அப்படி நேருக்கு நேர் கேட்டது பெரிய விஷயம்ங்க. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒத்துக்கல, எங்க கடனை நாங்களே நாணயமா தீர்த்துக்குறோம்னு பிரிட்டன் குழுத் தலைவரான பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் சொல்லிட்டார்.

ஆனா பிரிட்டன் கையிலயும் காசில்ல. 1945 டிசம்பர்ல அமெரிக்காகிட்ட 375 கோடி டாலர் கடன் வாங்குனாங்க, ரெண்டு பர்சன்ட் வட்டி, பவுண்டை யார் வேணா டாலரா மாத்திக்க விடணும்னு கண்டிஷன் வேற. 1947 ஜூலை 15ல திறந்துவிட்டாங்க, டாலர் மளமளன்னு கரைஞ்சுது, ஆகஸ்ட் 20ல மூடிட்டாங்க. இதுக்கு நடுவுல தான் நம்ம சுதந்திரம். இவ்ளோ கடன்ல இருந்த நாட்டால இவ்ளோ பெரிய சாம்ராஜ்யத்தை இனிமே கட்டி மேய்க்க முடியாது, சுதந்திரத்தைப் பத்திப் பேசும்போது நாம இதைச் சொல்லாம விடுறது எனக்கு ரொம்ப வருத்தம்.

சுதந்திரத்துக்கு மொத நாள், ஆகஸ்ட் 14 அன்னிக்குப் போட்ட ஒப்பந்தத்துல நாம எடுத்துக்க விட்டது ஆறரைக் கோடி பவுண்டு தான். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க. அதுக்குள்ள 1949 செப்டம்பர்ல பவுண்டு மதிப்பை 4.03 டாலர்லருந்து 2.80க்கு இறக்கிட்டாங்க, நம்ம பாக்கிக்கு டாலர்ல வாங்குற சக்தி ஒரே நாள்ல 30 பர்சன்ட் போச்சு. ஆனா அமெரிக்காக்காரன் தன் கடனை டாலர்ல எழுதி வாங்கியிருந்தான், அதை பிரிட்டன்காரங்க 2006 டிசம்பர் வரைக்கும் வட்டியோட கட்டி முடிச்சாங்க.