சனிக்கிழமை ஃபியூசன் பயணம்

இந்தச் சனிக்கிழமை ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ஃபியூசன் என்ற மலையடிவார ஊருக்குப் போகிறோம். சென்னையிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அவரை ஆல்ப்ஸ் மலைப் பக்கம் கூட்டிப் போக வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

எனக்கும் கணவருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துகளில் செல்லும் மாத டிக்கெட்) இருக்கிறது. ஆனால் அதில் 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இலவசமாகக் கூட்டிப் போக முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு வயது 8, 11. அதனால் அம்மாவுக்கு ஒருவருக்கான பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட்) எடுக்கிறோம். 14 வயது வரையுள்ள சொந்தப் பேரப்பிள்ளைகள் அதிலேயே இலவசமாக வரலாம். "அப்போ நான்தான் இவங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்!

வார நாள் என்றால் காலை 9 மணிக்குப் பிறகுதான் இந்த டிக்கெட் செல்லும். சனி, ஞாயிறுகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, விடியற்காலையிலேயே கிளம்பிவிடலாம். ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் மட்டும் ஏறக் கூடாது. டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஃபியூசனுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து கோட்டை அடிவாரத்தில் இருக்கும் ஹோஹென்ஷ்வாங்கா கிராமத்துக்குப் பேருந்து, அதற்கும் இதே டிக்கெட் போதும். மலைமேல் இருக்கும் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஏறுவது அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. குதிரை வண்டியில் போனாலும் கடைசித் தூரம் நடக்கத்தான் வேண்டும். சரி, கோட்டையைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள ஆல்ப்ஸே என்ற ஏரியின் கரையில் நிதானமாக உட்காரலாம் என்று முடிவு. புளிசாதம் அம்மா கையால்.

அந்தப் பக்கம் வயதானவர்களோடு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஏரிக்கரையில் உட்கார எந்த இடம் வசதி?