பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலி: முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

குழந்தை பிறந்து மாதக்கணக்கில் இடுப்பு வலித்தால், பழி முதலில் விழுவது சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியின் மேல். குத்திய இடம் சில நாள் நோகும். நீண்டநாள் வலிக்கு அது காரணமென்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி போடாமல் சுகப்பிரசவமானவர்களுக்கும் இதே வலி வருகிறதே! மாதக்கணக்கில் இழுபட்ட வயிற்றுத் தசை, தளர்ந்த இடுப்பெலும்பு மூட்டுகள், நாளெல்லாம் குனிந்து பால் கொடுப்பது ஆகியவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டிப் பாருங்கள். இடுப்பு மடிப்புக்கு மேலே, முதுகெலும்பின் நடுவில் என்றால் அது அடிமுதுகு வலி. அதற்குக் கீழே, புட்டத்தின் மேற்பகுதியில் குழி விழும் இடத்தில் ஒரு பக்கமாகவோ இரு பக்கமுமோ வலித்து, படுக்கையில் புரளும்போதும் படியேறும்போதும் சுருக்கென்று பிடித்தால், அது பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்மூட்டு வலி, அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் வரும் வலி.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். கால் ஈயமாய்க் கனக்கிறதா? இப்போது வேறொருவர் இரு கைகளாலும் இடுப்பை இரு பக்கமும் உள்நோக்கி அழுத்தட்டும், மறுபடி தூக்குங்கள். லேசாகிவிட்டால் உங்களுக்கு இடுப்பு பெல்ட் உதவக்கூடும். அது வயிற்றைச் சுற்றிப் போடும் அகலமான பெல்ட் இல்லை. முன்பக்க இடுப்பெலும்பு முனைகளுக்குக் கீழே, தொடையெலும்பு புடைத்திருக்கும் மட்டத்தில் போடும் குறுகிய பெல்ட். நிற்கும்போதும் நடக்கும்போதும் போட்டு, படுக்கும்போது கழற்றிவிடுங்கள். வயிறு சுருங்க வேண்டுமென்று புடவையை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும், ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசையைத் தள்ளும்.

பயிற்சியில் அடித்தளம் ஒன்றுதான். முழங்கால் மடக்கி மல்லாந்து படுங்கள். முன் இடுப்பெலும்பு முனைகளுக்குச் சற்று உள்ளே விரல்களை வையுங்கள். மூச்சை விட்டபடியே, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத்தை மேலிழுத்து, அடிவயிற்றை மெதுவாக உள்ளே இழுங்கள். விரலுக்குக் கீழே மெல்லிய இறுக்கம் தெரிந்தால் சரி. விரலை வயிறு வெளியே தள்ளினால் தப்பு. பாதி பலத்தோடு மறுபடி செய்யுங்கள். முதலில் 3 விநாடி, பழகியதும் 10 விநாடி, மூச்சடக்காமல். 10 முறை, நாளுக்கு 2 வேளை. சுகப்பிரசவமானவர்கள் ஓரிரு நாளிலேயே தொடங்கலாம்; சிசேரியன் என்றால் தையல் இழுக்காத அளவுக்கு.

இது கைவந்தபின் அதே இறுக்கத்தோடு குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி காலை நீட்டி மடக்குவது, பிறகு இடுப்பை மேலே தூக்கி 5 விநாடி நிறுத்துவது. பின்மூட்டு வலி உள்ளவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சிகளை ஒத்திப்போடுங்கள். பேண்ட் மாட்டுவதைக்கூட உட்கார்ந்தே செய்யலாம். தொப்பையைக் கரைக்கும் அவசரத்தில் படுத்து எழும் 'சிட்-அப்' வேண்டவே வேண்டாம். தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் மேடு எழும்பினால், அல்லது தொப்புளருகே இரு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால், வயிற்றுத் தசை இன்னும் விலகியிருக்கிறது. படுக்கையிலிருந்தும் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றியே எழுந்திருங்கள்.

பிசியோதெரபியில் கரண்ட் வைப்பதும் சூட்டு ஒத்தடமும் வலியைச் சில மணி நேரம் அடக்கும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால் லாபம். பயிற்சியே சொல்லித்தராமல் வாரக்கணக்கில் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பும் இடத்தில் காசைக் கொட்டாதீர்கள். ஒத்தடம் 15 நிமிடம் போதும். சிசேரியன் தழும்பின் மேல் வேண்டாம்.

பால் கொடுக்கையில் முதுகுக்குச் சாய்மானம், காலுக்குக் கீழே பலகை, மடியில் தலையணை. மார்பைக் குழந்தையிடம் குனிக்காமல் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். தூளி தரையை ஒட்டித் தொங்கினால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் முதுகு வளையும். முடிச்சை உயர்த்த வழியில்லாவிட்டால் ஒரு முழங்காலை ஊன்றித் தூக்குங்கள்.

காலில் பலம் குறைவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது, காய்ச்சலோடு முதுகு வலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பாலூட்டும் மாதங்களில் திடீரென்று நடுமுதுகில் கடுமையாக வலித்து உயரமும் குறைந்ததுபோலத் தெரிந்தால், எலும்பு தேய்ந்து முறிந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் எக்ஸ்ரே பார்க்காமல் பயிற்சி எதையும் தொடங்கக் கூடாது.