விதை புறப்பட்ட மேடுகள்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர் எங்களுடையது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் விட்மன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) ஆடி மாதம் அறுவடைக் காலம். ஸ்போகேன் நகரை விட்டுத் தெற்கே வரவர சாலையின் இரு பக்கமும் மேடுகள் தொடங்கின. காயப்போட்ட போர்வையை இழுத்து விரிக்காமல் விட்டால் எப்படிக் கிடக்குமோ, அப்படிக் கிடந்தது நிலம். அத்தனை மேட்டிலும் கோதுமை. காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு வயல் என்றால் சமமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்க வேண்டும். இங்கே வரப்பு இல்லை, வாய்க்கால் இல்லை, மடை இல்லை. பெரும்பாலும் மானாவாரிதான்.

மழையும் பனியும் குளிர்காலத்தில் வந்து போய்விடுகின்றன. கோடையில் வானம் கைவிரித்துவிடும். அப்போது பயிரைக் காப்பது மண்தான். பனியுகத்தில் மேற்கிலிருந்து காற்று வாரி வந்து கொட்டிய நுண்மண் இது; சில இடங்களில் பல பத்து மீட்டர் ஆழம். குளிர்காலத்து ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கிறது.

ஸ்டெப்டோ பியூட் குன்றின் உச்சிவரை சாலை சுற்றிச் சுற்றிப் போகிறது. நுண்மண்ணுக்கு நடுவே தலைநீட்டும் மிகப் பழைய பாறை அது. அங்கிருந்து பார்த்தால் விளைந்த மேடுகள் பொன்னிறமாகவும், தரிசாக விட்டவை பழுப்பாகவும், கொண்டைக்கடலையும் மைசூர் பருப்பும் போட்டவை வேறு வேறு நிறத்திலும் தெரிந்தன. கோதுமைக்குப் பிறகு பருப்பு போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கும் என்பது இங்கும் தெரிந்த பாடம்.

குன்றின் பெயரோ ஸ்டெப்டோ என்ற அமெரிக்கப் படை அதிகாரியுடையது. 1858 மே மாதம் பலூஸ், கோர் டலேன், ஸ்போகேன் பழங்குடிகளிடம் ஸ்டெப்டோவின் படை தோற்றுப் பின்வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ராணுவம் திரும்பி வந்து, பழங்குடிகளின் ஏறத்தாழ 800 குதிரைகளைப் பிடித்துச் சுட்டுக் கொன்றது. குதிரையே செல்வமாக இருந்த மக்கள் அவர்கள். அதன் பிறகே குடியேறிகள் வந்தார்கள். 1871இல் கவுண்டி உருவானது. பலூஸ் என்ற பெயர் இன்று ஆற்றுக்கும், ஓர் ஊருக்கும், இந்த மேடுகளுக்கும் இருக்கிறது. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் கோல்வில் போன்ற, பழங்குடிகளுக்கென ஒதுக்கிய காப்பு நிலங்களில் வாழ்கிறார்கள். தோற்ற அதிகாரியின் பெயர் குன்றில் நிற்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

நான் இங்கே வந்த காரணம் புல்மன் ஊர். அங்கே ஆர்வில் வோகல் என்ற கோதுமை ஆராய்ச்சியாளர் இருந்தார். ஐப்பசி மழையில் சாய்ந்த நெல்லைப் பார்த்தவர்களுக்கு அவருடைய கவலை புரியும். உரம் போட்டால் கோதுமைத் தாள் நீண்டு, கதிரின் பாரம் தாங்காமல் பயிர் படுத்துவிடும். ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தை உள்ளூர் ரகத்தோடு சேர்த்து அவர் சாயாத கோதுமையை உருவாக்கினார். அந்த விதை மெக்சிகோவில் கோதுமை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நார்மன் போர்லாக்குக்குப் போனது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் விதை கேட்டு எழுதியபோது, வோகல் தன் கெயின்ஸ் ரகத்தை அனுப்பிவைத்தார். கூடவே, இது கடுங்குளிர் கேட்கும் பயிர், இந்தியாவுக்குப் போர்லாக்கின் ரகங்களே பொருந்தும் என்றும் வழிகாட்டினார். 1966இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையை இறக்குமதி செய்தது. அதன் குட்டைத்தன்மை இந்த மேடுகளில் தேர்ந்தெடுத்தது என்று நினைத்தபடி, இடுப்பளவு கோதுமைக்குள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

கோல்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே ஒரு பெரியவர் தன் வயலைச் சுற்றிக் காட்டினார். மேட்டின் உச்சியில் மட்டும் மண் வெளிறியிருந்தது. மேல்மண் ஓடிப்போன இடம் என்றார். பல தலைமுறையாகச் சரிவில் உழுததன் விலை அது. விளைநிலத்தில் பத்தில் ஒரு பங்கு மேல்மண்ணை முழுவதும் இழந்துவிட்டது என்று 1978லேயே அரசு ஆய்வு சொல்லியிருக்கிறது. அவர் இப்போது உழுவதில்லை. தாளை அப்படியே விட்டு, அதன் நடுவே விதைக்கிறார். உங்கள் ஊரில் மேல்மண் எப்படி என்று கேட்டார். பதில் தெரியாமல் விழித்தேன்.

இரவு அப்பாவை அழைத்தேன். "ஆற்றோடு வந்த வண்டல்தான் நம் மண். மேட்டூர் அணை கட்டிய பிறகு அது அங்கேயே தங்கிவிடுகிறது. எங்கள் காலத்திலேயே குறைந்துவிட்டது" என்றார். பிறகு, அங்கே அறுவடைக்கு ஆள் கிடைக்கிறார்களா என்று கேட்டார்.

2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுவதற்கும் 50,000 பேர்கூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் பல்கலைக்கழகம் இருக்கும் புல்மனில். ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே குடும்பம் பார்த்துக்கொள்கிறது. பெரியவர் நோயில் படுத்த வருடம் அக்கம்பக்கத்தார் தங்கள் அறுவடையை நிறுத்திவிட்டு, எட்டு இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் அவருடைய கோதுமையை அறுத்துக் குதிரில் சேர்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அப்பா சற்று நேரம் பேசவில்லை.

"டீசல் யார் போட்டது?" என்றார்.

"அவரவரே போட்டுக்கொண்டார்களாம், அப்பா."